மேலே மினுக்கு

நாஞ்சில் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று, தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் வாசனை. மற்றொன்று, கார் ஷாம்புவின் வாசனை. வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக் கொண்டு காரைக் குளிப்பாட்டிக் கொண்டிருப்பார். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அலங்கரித்து உட்கார வைத்த மாதிரி கார் பளபளவென்று நிற்கும். அவரும் இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துக் கொண்டு அழகு பார்ப்பார்.

பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால், ஒரு தடவை குனிந்தும் பார்த்தால் தேவலை.

நம் ஜில்லாவின் விசேஷம் அப்படி. தெற்கிலும் மேற்கிலும் கடல். குமரி முனையில் நின்றால் கிழக்கிலும் கடல். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக் காற்று கிளம்பிவிட்டால், முட்டத்துப் பாறைகளில் மோதித் தெறிக்கும் திவலை காற்றோடு ஏறி ஊருக்குள் வருகிறது. அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவம். இரண்டு மழையும் நமக்கு உண்டு என்று பெருமைப்படுகிறோம். வயலுக்குப் பெருமைதான், இரும்புக்கு அல்ல.

சாரல் நாட்களில் அடுக்களையில் உப்பு மரவையைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு கசிந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பித்துவிடும். கடலோர ஊர்களில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சகஜம். ஆகவே, காரின் அடியில் படிந்த உப்பு, மழை பெய்யாத நாளிலும் நனைந்தபடியே ஒட்டிக் கொண்டிருக்கிறது. இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அதே காரியம் இன்னும் விரைவில் முடிகிறது. "நான் ஷெட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறேனே!" என்கிறீர்களா? கடற்காற்றுக்கு ஷெட்டின் பூட்டு ஒரு பொருட்டல்ல.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. வாத்தியார் வேலையிலிருந்து ரிடையரானவர். கையில் வந்த பணத்தில் கடற்கரையூர் ஒன்றிலிருந்து பழைய கார் வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது வண்டி. பேரன் பேத்திகளை ஏற்றிக் கொண்டு திருச்செந்தூர் போய் வர நாளும் பார்த்துவிட்டார். போகுமுன் ஒரு தரம் காட்டிவிடலாமென்று மெக்கானிக்கிடம் கொண்டு போனார். அவன் வண்டியை மேலே தூக்கி, டிரைவர் ஸீட்டுக்கு அடியில் ஸ்குரூ டிரைவரால் தட்டினான். 'டங்'கென்று கேட்க வேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, இது தகரமில்ல, பப்படம்" என்றான்.

"மேல ஒரு கீறல்கூட இல்லியேடே?"

"முன்ன வச்சிருந்தவரு நல்லாத்தான் தொடச்சிருக்காரு. மேல மட்டும்."

ஸீட் ஊன்றியிருப்பது அந்தத் தளத்தின்மேல்தான். ஸீட் பெல்ட்டின் பிடிப்பும் அங்கேதான். தளத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததில், வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கு போயிற்று. திருச்செந்தூருக்குக் குடும்பம் பஸ்ஸில் போய் வந்தது.

ஆகையால், வாளியைத் தூக்கும்போது அடியிலிருந்து ஆரம்பியுங்கள். சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் குழிவுக்குள் குழாயைப் பிடித்துச் சேறு கரைந்து விழும்வரை அடியுங்கள். சேறு ஒரு பஞ்சு மாதிரி. உப்பையும் ஈரத்தையும் குடித்து வைத்துக் கொள்ளும். கதவைத் திறந்து அதன் கீழ் விளிம்பைத் தடவினால் சிறு துவாரங்கள் தட்டுப்படும். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. அடைத்திருந்தால் ஓர் ஈர்க்குச்சி போதும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். உப்பை உப்பால் கழுவ முடியாது. சொத்தவிளையில் கடலாடிவிட்டு ஈரத் துணியோடு பிள்ளைகள் ஸீட்டில் ஏறுகிறார்களே, அந்த உப்புத் தண்ணீர் மிதியடிக்குக் கீழே இறங்கித் தளத்தை உள்ளிருந்தே தின்கிறது. மிதியடிகளை எடுத்து வெயிலில் போடுங்கள்.

அடியில் எதிரி உப்பு என்றால் மேலே எதிரி மணல். அதுவும் நம்மூர் மணல் சாமானியமானதல்ல! குமரி அம்மனுக்கும் சுசீந்திரம் ஸ்வாமிக்கும் நடக்காமல் போன கல்யாணத்துக்காக வைத்திருந்த அரிசிதான் மணலாயிற்று என்று கதை. ரசாயனக்காரர்கள் வேறு கதை சொல்கிறார்கள். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூடைல், ஸிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் வெள்ளைதான் உங்கள் வெள்ளைக் காருக்கு வெண்மை தருவது. கார்னெட்டோ கண்ணாடியைவிடக் கடினம். உப்புத்தாள் செய்ய உதவுவது. இரண்டும் ஒரே மணலின் பிள்ளைகள். ஒன்று வர்ணம் கொடுக்கிறது, மற்றொன்று சுரண்டுகிறது!

காரின் வர்ணப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அதன்மேல் காய்ந்த துணியால் தூசி தட்டுகிறார்கள். இன்னும் சிலர் தேங்காய்த் தும்பைக் கொண்டு, வெண்கல உருளியைத் தேய்ப்பது போலத் தேய்க்கிறார்கள். மோனசைட் நம் பக்கம் இருக்கிற சமாசாரம் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது, தெரியுமோ? 1909-ல் ஒரு ஜெர்மானிய ரசாயனி, அன்றைய திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். தும்போடு ஜெர்மனி வரை போன மணல், உங்கள் கார்க் கதவு வரை வராதா?

எனவே முதலில் தண்ணீர், தொடுவது பிறகு. நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக நன்றாக அலசி மணலை ஓட வையுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தரமும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் ஸோப்பு வேண்டாம். எண்ணெய்ப் பசையோடு மெழுகையும் அது கழற்றிவிடும். வெயிலில் தானே காய விட்டால் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வட்ட வட்டமாகப் படியும். உடனே மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

மெழுகு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கார் மெழுகுகளில் மிகவும் புகழ் பெற்ற கார்னாபா, பிரேஸில் தேசத்து மரம் ஒன்றின் ஓலையில் படிவது. விசிறி விசிறியாக ஓலை விடும் அந்த மரம் நம் பனைக்கு உறவு. வெயிலில் ஓலை வாடாதிருக்க மரம் தனக்குப் பூசிக் கொண்டதைச் சுரண்டி எடுத்து நாம் காருக்குப் பூசுகிறோம். ஆயிரக் கணக்கில் வாங்கிக் கொண்டு 'செராமிக் கோட்டிங்' போடும் கடைகளும் இப்போது வந்துவிட்டன. போடுகிறவர்கள் போடலாம், ஆனால் அதுவும் மேனிக்குத்தான், அடிவயிற்றுக்கு அல்ல.

"இத்தனை தண்ணீருக்கு எங்கே போக?" என்று சிலர் காரைச் சானல் கரைக்கே ஓட்டிக் கொண்டு போய்விடுகிறார்கள். பேச்சிப்பாறையிலிருந்து வயலுக்கு வரும் தண்ணீர் அது. காரின் அடியிலிருந்து இறங்கும் எண்ணெயும் கிரீஸும் அடுத்த படித்துறையில் குளிக்கிறவர்கள் தலையில்தான் ஏறும். வீட்டு முற்றத்தில் ஆறு வாளி தாராளம். அதில் மூன்று வாளி அடிப் பாகத்துக்கு. குழாயைத் திறந்து போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரோடு அரசியல் பேசாமல் இருந்தால் போதும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் கொடுக்கிற முக்கடல் அணை, கோடையில் இதற்கெல்லாம் ஈடு கொடுக்காது.

கழுவி முடித்த உடனே ஷெட்டில் விட வேண்டாம். பிரேக் தட்டுகள் காய, வடசேரிச் சந்தை வரை ஒரு நடை ஓட்டி, நாலு காய்கறி வாங்கி வாருங்கள். கடற்கரை ரோடு மட்டும் அன்றைக்கு வேண்டாம்.