பிரபு வீட்டில் நூறு பேர்!

ஒண்டுக் குடித்தனம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டில் நூறு பேர் குடியிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் ஒரு பிரபு வாழ்ந்த மாளிகையில்!

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஹென்ரியட்டா தெருவில் இருக்கிறது 14-ஆம் எண் வீடு. லூக் கார்டினர் என்பவர் 1740-களின் கடைசியில் கட்டியது. ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலம். ஆகையால் அந்நாளைய வீடுகளுக்கு 'ஜார்ஜியன்' வீடுகள் என்றே பெயர் நிலைத்து விட்டது.

வெளியே நின்று பார்த்தால் வீடு வெகு சாது. அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், செங்கல் முகப்பு, ஒழுங்கான ஜன்னல் வரிசை, அவ்வளவுதான். ஆடம்பரமெல்லாம் உள்ளே! உயரமான கூடங்கள், சாந்து வேலைப்பாடுகள், விருந்தாளிகள் ஏறி வர விசாலமான படிக்கட்டு. வேலைக்காரர்களுக்கோ பின்புறம் தனிப் படி. முதன் முதலில் இங்கே குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு.

1801-ல் அயர்லாந்துக்கென்று தனிப் பார்லிமெண்ட் இல்லாமல் போயிற்று. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக லண்டனுக்குக் கிளம்பி விட்டார்கள். காலியான வீட்டில் வக்கீல்கள் வந்தார்கள், பிறகு கோர்ட் வந்தது, பட்டாளமும் வந்தது. கடைசியில் 1877-ல் தாமஸ் வான்ஸ் என்பவர் அதை 19 குடித்தனங்களாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். குடித்தனத்துக்கு ஓர் அடுப்பு, துணி உலர்த்த முற்றம், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு என்று விளம்பரமும் செய்தார். அந்த அழகான படிக்கட்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதைப் பெயர்த்தெடுத்து விட்டார்!

1911-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தபோது, அந்த வீட்டில் 17 குடும்பங்கள், 100 பேர். தொப்பி தைப்பவர்கள், உடை தைக்கும் பெண், புஸ்தகம் பைண்டு செய்பவர்கள் என்று பலரும் இருந்தார்கள். பிரபுவின் சீமாட்டி விருந்தினரை வரவேற்ற கூடங்களில், அடுப்பு மூட்டிக் குழந்தைகளை வளர்த்தார்கள் இந்தத் தாய்மார்கள்.

பொது வழிச் சுவர்களுக்குக் காவிச் சிவப்பும் நீலமும் பூசியிருந்தார்கள். அந்த நீலத்துக்கு 'ரெக்கிட்ஸ் நீலம்' என்று பெயர். ஆம், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் செய்த அதே கம்பெனியின் பெயர்தான்!

கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் வெளியேறின. வீடு பாழாகிக் கிடந்தது. பிறகு டப்ளின் நகரசபை பல வருஷம் பாடுபட்டுப் பழுது பார்த்து, 2018-ல் காட்சிசாலையாகத் திறந்தது. ஏழைக் குடித்தனங்களின் சுவடுகளைத் துடைத்து விட்டு, பிரபு காலத்து ஜோரை மட்டும் மீட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மாடியில் பிரபுவின் கூடங்களைப் பார்த்து விட்டுக் கீழே இறங்கினால், ஒரு குடித்தனத்தை அப்படியே பார்க்கலாம். நீலச் சுவரும் இருக்கிறது.

அவர்கள் செய்தது சரிதான் என்று உங்களுக்கும் தோன்றுகிறதல்லவா? பிரபுக்கள் அந்த வீட்டில் இருந்தது கொஞ்ச காலம். நூறு வருஷம் அதில் விளக்கேற்றி வாழ்ந்தவர்கள் இந்தப் பெண்கள்தானே!