தேவனஹள்ளி மறுத்த பின்

தேவனஹள்ளி வட்டத்தின் 13 சிற்றூர்களில் வான்வெளித் தொழிற்பூங்காவுக்காக 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தைக் கைவிடுவதாக, 2025 ஜூலை 15 அன்று கர்நாடக முதல்வர் சித்தராமையா அறிவித்தார். மூன்றாண்டுக்கும் மேலாக நீடித்த உழவர் போராட்டத்தின் பயன் அது. உடனே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், பெங்களூருக்குச் சற்று வெளியே தம்மிடம் 8,000 ஏக்கருக்கு மேல் ஆயத்தமாக இருப்பதாகக் கூறி அந்நிறுவனங்களை அழைத்தார்.

அதன் பின் பேச்செல்லாம் கர்நாடகம் இழக்கும் முதலீட்டைப் பற்றியதாயிற்று. உழவர் மறுத்த காரணம் பின்னுக்குப் போயிற்று. 2008இல் திறந்த விமான நிலையமே ஏறத்தாழ 4,000 ஏக்கரை விழுங்கியது. தொழிற்பேட்டைகள் அதற்கு மேல். நிலம் கொடுத்த அண்டை ஊரார் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கண்ணால் கண்டவர்களே இன்று திராட்சைத் தோட்டத்தை விட மறுக்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ளும் பொருளியலாளரோடு நான் உடன்படேன்.

செப்டம்பரில் ப்ளாக்பக் நிறுவனம் வெளிவட்டச் சாலை நெரிசலைச் சுட்டி அவ்விடத்தை விட்டுப் போவதாகச் சொன்னபோது, லோகேஷ் விசாகப்பட்டினத்துக்கு அழைத்தார். (நகருக்குள்ளேயே இடம் மாறுவதாக நிறுவனம் பின்னர் விளக்கியது.) அங்கே குறைந்தது நிலமன்று, சாலை. ஆனால் மாநிலங்கள் போட்டியில் முன்வைப்பது பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கையே.

இதில் தமிழகம் விலக்கன்று. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தோம். நிலத்துக்குரியவரைக் கேட்பது அறிவிப்புக்கு முன்னரா பின்னரா என்பதை எவரேனும் ஆய்வுப் பொருளாக எடுத்தால், முதல் வாசகனாக நான் இருப்பேன்.