நுரை பொங்குகிறது, கத்தி வழுக்கவில்லை!

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 40 தென்னை இருக்கிறது. மஞ்சள் வயல் வரப்பில் கொட்டைமுத்தும் போடுகிறோம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் இரண்டு வருடமாகக் குளியல் சோப்பு செய்கிறேன். அதே முறையில் தேங்காய் எண்ணெய் 80 பங்கு, விளக்கெண்ணெய் 20 பங்கு, காஸ்டிக் சோடா சேர்த்து சவர சோப்பு செய்தேன். நுரை நன்றாக வருகிறது. ஆனால் கத்தி வழுக்கிப் போகாமல் இழுக்கிறது. என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன மாதம் தாடையில் விழுந்த கீறல் ஆற மூன்று வாரம் ஆனது. வழுவழுப்பு வர என்ன சேர்க்க வேண்டும்? எங்கள் குழுவில் இதை விற்கலாமா?
– ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் மாமனாருக்கு. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சின்னக் கீறலும் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சோப்பு சரியாகும் வரை அவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம், கடையில் வாங்கிய கிரீமே போதும். பிளேடும் புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடுக்கு எந்த சோப்பும் மருந்து ஆகாது.

இனி சோப்புக்கு வருவோம். நுரையும் வழுவழுப்பும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். நுரை என்பது காற்று. கத்தியை வழுக்க வைப்பது, நுரைக்கு அடியில் தோலோடு ஒட்டி நிற்கும் சோப்பும் தண்ணீரும் கலந்த மெல்லிய படலம். இதை நீங்களே சோதிக்கலாம். முன்கையில் நுரை போட்டு, நுரையை விரலால் வழித்து எறியுங்கள். அதே இடத்தில் ஈர விரலை ஓட்டுங்கள். விரல் வழுக்கினால் அது சவரத்துக்கு ஆகும் சோப்பு. விரல் தடுக்கினால் எவ்வளவு நுரை வந்தாலும் பயனில்லை. இனி நீங்கள் எதை மாற்றினாலும் இந்த விரல் சோதனையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

செலவில்லாத மாற்றத்திலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீரைப் பாருங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். பாறையில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் கரைந்து வருகின்றன. சேலத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லும் மக்னீசியம் உள்ள கல்தான். இந்தச் சத்துகள் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அப்படிப் பிசுக்கான சோப்பு வழுக்காது, கத்தியைத்தான் பிடிக்கும்.

இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீர் பால் போல் கலங்கி, நுரை குறைவாக இருந்தால் பாதிக் குற்றம் தண்ணீருடையது. சவரத்துக்கு ஒரு குவளை மழைத் தண்ணீர் போதும். அது இல்லாவிட்டால் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்த பின் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். கடினத்தில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். வீட்டுக் குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதிலும் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள்.

நுரையில் தண்ணீர் போதாமல் இருப்பதும் ஒரு காரணம். பஞ்சு போல் உலர்ந்து நிற்கும் நுரை பார்க்க அழகு, வழுக்காது. பிரஷைக் குழைக்கும்போது சில சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். நுரை தயிர் போல் பளபளத்து, பிரஷிலிருந்து வழியாமல் நிற்க வேண்டும்.

படிகாரக் கட்டி வைத்திருந்தால் சவரம் முடிந்து முகம் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும். படிகாரம் கரைந்த குவளையில் பிரஷை நனைத்தால் நுரை செத்துவிடும்.

எண்ணெய்க் கலவையை மாற்றுங்கள்

தேங்காய் எண்ணெய் சோப்பு பெரிய பெரிய குமிழியாக நுரைக்கும், சீக்கிரம் உடையும், தண்ணீர் பட்டதும் முழுவதும் கழுவிப் போய்விடும். குளிக்க அது நல்ல குணம், சவரத்துக்குக் கெடுதல். 80 பங்கு போட்டால் தோலையும் வறட்டும். சவர சோப்பில் அது கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

விளக்கெண்ணெய் நுரையைத் தாங்கிப் பிடிக்கும், சோப்பு சீக்கிரம் கரையவும் உதவும். அதற்கு 10 பங்கு போதும். 20 பங்கு என்றால் பிசுபிசுப்பு வரும்.

உங்கள் கலவையில் இல்லாதது ஸ்டியரிக் அமிலம். குமிழியைச் சிறியதாக, கெட்டியாக வைத்துத் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆட்டுக் கொழுப்பிலும் இலுப்பை எண்ணெயிலும் அது நிறைய இருக்கிறது. காதி கிராமத் தொழில் ஆணையம் சோப்புக்காக ஊக்குவித்த, சமையலுக்கு உதவாத எண்ணெய்களில் இலுப்பையும் வேம்பும் அடக்கம். ஆனால் எண்ணெயை மட்டும் வைத்துத் தேவையான அளவை எட்ட முடியாது. மெழுகுவத்தி, சோப்பு மூலப்பொருள் விற்கும் கடையில் வெள்ளைச் செதிலாக ஸ்டியரிக் அமிலம் கிடைக்கும். அழகுப் பொருள் செய்வதற்கான தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

காரத்தையும் மாற்றுங்கள்

காஸ்டிக் சோடா மட்டும் போட்டால் சோப்பு கெட்டிக் கட்டியாகும், மெதுவாகக் கரையும். காஸ்டிக் பொட்டாஷ் போட்டால் மெதுவான, தண்ணீரில் சட்டென்று கரையும் சோப்பு கிடைக்கும். சவர சோப்புக்கு இரண்டும் கலந்து வேண்டும், பொட்டாஷ் கூடுதலாக.

ஓர் எச்சரிக்கை. காஸ்டிக் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. உரக்கடையில் வாங்கும் பொட்டாஷ் வேறு, அது பொட்டாசியம் குளோரைடு. அதைப் போட்டால் சோப்பே ஆகாது.

500 கிராமுக்கான அளவு

ஸ்டியரிக் அமிலம் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 125 கிராம், இலுப்பை எண்ணெய் 75 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். காஸ்டிக் பொட்டாஷ் (90 சதத் தூய்மை) 66 கிராம், காஸ்டிக் சோடா 28 கிராம், மழைத் தண்ணீர் 250 மில்லி, கிளிசரின் 25 கிராம். பொட்டாஷ் பொட்டலத்தில் 85 சதம் என்று இருந்தால் 70 கிராம் போடுங்கள். இலுப்பை கிடைக்காவிட்டால் உருக்கி வடிகட்டிய ஆட்டுக் கொழுப்பை அதே 75 கிராம் போடலாம், கார அளவு மாறாது. வேறு எதை மாற்றினாலும் காரத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கில் 5 சதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். அது தோலுக்குப் பாதுகாப்பு. வழுக்கட்டும் என்று அதற்கு மேல் எண்ணெயைக் கூட்டினால் நுரை அடங்கும், பிளேடில் அடைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

கிளிசரின் எதற்கு? எண்ணெய் சோப்பாகும்போது கிளிசரின் தானாகவே உண்டாகி சோப்பிலேயே தங்கும். ஸ்டியரிக் அமிலம் சோப்பாகும்போது அது உண்டாகாது. பாதிக் கலவை ஸ்டியரிக் என்பதால் குறைவதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

செய்முறை

1. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் எல்லாவற்றையும் எடை போடுங்கள். கண்ணளவு, டம்ளர் அளவு இங்கே ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே. அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும்.

2. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் நின்று, தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். குழந்தைகளும் ஆடு மாடும் அருகில் வரக்கூடாது. உடம்பில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

3. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் எண்ணெய்ப் பாத்திரத்தை வைத்து, ஸ்டியரிக் அமிலம் முழுதும் உருகும் வரை சூடாக்குங்கள். சூடு 75 டிகிரிக்குக் குறைய வேண்டாம்.

4. காரக் கரைசலை மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். ஸ்டியரிக் அமிலம் காரம் பட்டதும் சட்டென்று திரளும். பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. ராகிக் களி கிண்டுவது போல் அடிவரை கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் கட்டியெல்லாம் கரைந்து, ஒரே சீரான, சற்றே கண்ணாடித் தன்மையுள்ள களியாகும்.

5. ஒரு துளி பினாப்தலீன் கரைசலை சோப்பில் விடுங்கள். அடர்ந்த இளஞ்சிவப்பு வந்தால் காரம் இன்னும் மிஞ்சியிருக்கிறது, மேலும் வேக வையுங்கள். பிறகும் நிறம் மாறாவிட்டால் அந்தக் கலவையை முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. இறக்கி, கிளிசரின் கலந்து, வாயகன்ற கிண்ணத்தில் அழுத்தி வையுங்கள். 4 வாரம் நிழலில் ஆறட்டும். பிறகு விரல் சோதனை செய்யுங்கள். முதலில் முன்கையில் ஒரு நாள் பூசிப் பார்த்து, எரிச்சலோ தடிப்போ இல்லாவிட்டால் மட்டும் முகத்துக்குப் போடுங்கள்.

கற்றாழை, வெண்டைக்காய், மரவள்ளி மாவு சேர்க்கலாமா?

இப்படிக் கேட்டு வேறு சில வாசகர்களும் எழுதியிருக்கிறார்கள். கற்றாழைச் சோற்றை அரைத்து வடிகட்டி, தண்ணீரில் கால் பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கொஞ்சம் உதவும். வெண்டைக்காய், செம்பருத்தி இலைக் கொழகொழப்பை வெந்த சோப்பில் பச்சையாகச் சேர்த்தால் பூஞ்சை பிடிக்கும். மரவள்ளி மாவு உலர்ந்த கையில் வழுக்கும், ஈரத்தில் பசையாகும். இவை எல்லாம் கடைசி ஒட்டு வேலை. எண்ணெய்க் கலவையும் காரமும் சரியில்லாமல் இவற்றால் சோப்பு திருந்தாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி எழுதி வையுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது.

ஏற்கெனவே செய்த சோப்பை வீணாக்க வேண்டாம். கை கழுவ, துணி துவைக்க ஆகும். சவரத்துக்கே தீர்க்க விரும்பினால் நுரைக் கிண்ணத்தில் மூன்று நான்கு சொட்டு கிளிசரின் விட்டுக் குழையுங்கள். இழுப்பு ஓரளவு குறையும்.

கொட்டைமுத்துப் பற்றி ஒரு வார்த்தை

சொந்த முத்தில் எண்ணெய் எடுத்தால் புண்ணாக்கை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். முத்தில் உள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு எண்ணெயில் இறங்காது, புண்ணாக்கிலேயே நிற்கும். அது வயலுக்கு நல்ல உரம், மாட்டுக்கு எமன். ரகம், விதை பற்றிக் கேட்க வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் இடையில் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

விற்கலாமா?

வீட்டு உபயோகத்துக்குச் செய்யத் தடை இல்லை. விற்பதென்றால் சவர சோப்பு அழகுப் பொருள் கணக்கில் வரும். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். சந்தையில், குழுக் கடையில் விற்பதற்கும் இதுவே விதி. கடன், மானியம், விண்ணப்பம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு மாதம் பயன்படுத்தி, ஒரு கீறலும் எரிச்சலும் இல்லை என்று சொல்லட்டும். அதன் பிறகு குழுவில் பேசுங்கள். மாமனாருக்கும் அதன் பிறகே கொடுங்கள்.