கையுறை அணிந்து போட்ட ஓட்டு

நம்மைப் பழமைவாதிகள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! கூரை ஒழுகினால் ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றுவோமே தவிர, ஒழுகுகிறதே என்று வீட்டுக்குத் தீ வைக்கமாட்டோம். அந்தப் புத்திக்குப் பழமை என்று பெயரானால், அந்தப் பெயர் நமக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தோழர்களே, பேணுகிறோம், காக்கிறோம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, எதைக் காக்கிறோம்? ஒரு தலைவரையா? ஒரு கொடியையா? அல்லது தலைவர்கள் வருமுன்னும் இருந்து, போன பின்னும் இருக்கவேண்டிய முறையையா? இந்தக் கேள்வி தெற்குக் கொரியாவில் நம்மைப் போன்ற கருத்துடையோர் முன் வந்து நின்றது. கொள்ளை நோயின் கை பிடித்துக்கொண்டு வந்தது. அந்தக் கதை நம் தொண்டர்கள் ஒவ்வொருவரும் அறியவேண்டிய கதை.

2020-ஆம் ஆண்டை யார் மறப்பார்? உலகமெங்கும் கதவடைப்பு. ஆலை நின்றது, ரயில் நின்றது, கூலி நின்றது. ஆட்சியாளர் பலருக்குத் தேர்தலையும் நிறுத்திவிடலாமே என்ற ஆசை பிறந்தது. ஹாங்காங்கில் செப்டம்பரில் நடக்கவேண்டிய தேர்தலை ஓராண்டு தள்ளினார்கள். நியூஸிலாந்தில் நான்கே வாரம் தள்ளி, சொன்ன தேதியில் நடத்திக் காட்டினார்கள். இலங்கையில் ஏப்ரல் 25 என்றார்கள், பிறகு ஜூன் 20 என்றார்கள், கடைசியில் ஆகஸ்ட் 5-இல் நடந்தது. அமெரிக்காவில் ஜனாதிபதி டிரம்ப், தேர்தலைத் தள்ளினால் என்ன என்று ஜூலை 30-ஆம் தேதி கேட்டுப் பார்த்தார். அந்தத் தேதி 1845-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க அவர் கட்சித் தலைவர்களே உடன்படவில்லை.

தெற்குக் கொரியர்களோ ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. ஏப்ரல் 15 என்று குறித்திருந்தது, ஏப்ரல் 15-இலேயே நடந்தது. பிப்ரவரி கடைசியில் ஒரே நாளில் தொள்ளாயிரம் பேருக்கு மேல் நோய் கண்ட நாடு அது! சாவடி வாசலில் நெற்றிச் சூட்டை அளந்தார்கள். கையில் கிருமிநாசினி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. வரிசையில் ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் தூரம். சூடு 37.5 டிகிரி எட்டியவரை வீட்டுக்கு விரட்டவில்லை. தனிக் கூண்டுக்கு அழைத்துச் சென்று ஓட்டுப் போடச் செய்தார்கள். தனிமையில் வைக்கப்பட்டிருந்தவர்கள், மற்றவர்கள் போன பிறகு, மாலை 6 மணிக்கு மேல் வந்து போட்டார்கள். 66.2 சதவிகிதம் பதிவாயிற்று. 1992-க்குப் பிறகு நடந்த தேசிய சபைத் தேர்தல்களில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. (நாமும் 2021 ஏப்ரல் 6-இல் அதே பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டுதானே பொத்தானை அழுத்தினோம்!)

குறையே இல்லையென்று கூறமாட்டோம். பல நாடுகளில் தூதரக வாக்குப்பதிவு நின்றுபோனதால், அயலூரிலிருந்த கொரியர் பலர் ஓட்டிழந்தனர். அதைச் செய்து முடித்த சர்க்காரும் நம் கருத்துடைய சர்க்கார் அல்ல. இருந்தாலும் செய்தது செய்ததுதான். பாராட்டுவதில் நமக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

அங்கே பழமை பேணும் கட்சி தோற்றது. சாதாரணத் தோல்வியா? 300 இடங்களில் ஆளுங்கட்சி அணிக்கு 180, இவர்கள் அணிக்கு 103. கட்சித் தலைவர் ஹ்வாங் க்யோ-ஆன் தன் தொகுதியிலேயே தோற்று, அன்று இரவே பதவி விலகினார். கௌரவமான காரியம். அத்துடன் முடிந்திருந்தால் இன்று நாம் இதை எழுதவேண்டியதே இல்லை.

முடியவில்லை. தோற்ற வேட்பாளர் சிலர், முன்கூட்டியே ஓட்டுப் போடும் முறையில் மோசடி நடந்துவிட்டது என்று கிளம்பினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள். வழக்குப் போட்டது தவறென்று நாம் சொல்லவில்லை. சந்தேகம் வந்தவன் படியேறவேண்டிய இடம் கோர்ட்டுதான். கோர்ட்டும் பெட்டியைத் திறந்தது, சீட்டுகளை மறுபடி எண்ணியது. 2022 ஜூலையில், மோசடிக்கு ஆதாரமில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வழக்கிலும் தேர்தல் ரத்தாகவில்லை.

இதற்கிடையே நோய் மறுபடி தலைதூக்கியது. 2022 மார்ச்சில் ஜனாதிபதி தேர்தல். நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்குத் தொற்று! மார்ச் 5-ஆம் தேதி நோயாளிகள் முன்வாக்களிக்க வந்தபோது தேர்தல் கமிஷன் திணறிவிட்டது. சீல் வைத்த பெட்டியில் விழவேண்டிய ஓட்டுச் சீட்டுகளைக் கூடையிலும் அட்டைப் பெட்டியிலும் பிளாஸ்டிக் பையிலும் வாங்கினார்கள். சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்த நம் தோழர்களைக் கேளுங்கள். சீட்டு ஒரு நிமிடம் கண்ணை விட்டு மறைந்தாலும் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கமிஷன் தலைவர் அடுத்த மாதம் பதவி விலகினார். அது திறமைக் குறைவு. திருட்டு அல்ல. ஆனால் சந்தேகத்தை விற்றுப் பிழைப்பவனுக்குத் திறமைக் குறைவு ஒன்று போதாதா, கடை விரிக்க?

அந்தத் தேர்தலில் வென்றவர் யார் தெரியுமா? பழமை பேணும் கட்சியின் யூன் சுக்-யோல்! ஒரு சதவிகிதம்கூட வித்தியாசமில்லை. கூடையில் சீட்டு வாங்கிய அதே கமிஷன் எண்ணிச் சொன்ன முடிவை அவர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார். இரண்டாண்டு கழித்து, 2024 ஏப்ரலில், தேசிய சபையில் எதிர்க்கட்சியே மீண்டும் பெரும்பான்மை பெற்றது. அப்போது கமிஷன் கசந்தது!

2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி. யூன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். பட்டாளம் தேசிய சபைக்குப் போனது. இன்னொரு பிரிவு எங்கே போயிற்று? தேர்தல் கமிஷனுக்கு! கமிஷனின் கணிப்பொறிகளில் சந்தேகம் இருந்ததால் அனுப்பினேன் என்று பின்னர் அவரே நாட்டுக்குச் சொன்னார். 2020-இல் தோற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்த பேச்சு, நாலரை ஆண்டில் துப்பாக்கி தூக்கி வந்துவிட்டது.

இராணுவச் சட்டம் என்றால் அந்த மக்களுக்கு ஏட்டுச் சொல் அல்ல. 1952-இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே சிங்மன் ரீ அதைப் பிறப்பித்து, சபை உறுப்பினர்களைச் சிறைபிடித்து, அரசியல் சட்டத்தைத் தமக்கேற்ப மாற்றி, ஆகஸ்டில் தேர்தலும் நடத்திக்கொண்டார். 1960 மார்ச்சில் ஓட்டையே களவாடினார்கள்; மாணவர்கள் எழுந்தார்கள்; ரீ ஏப்ரலில் பதவி விலகினார். 1961-இல் இராணுவப் புரட்சி. 1980-இல் குவாங்ஜு நகரில் இரத்தம். 1987-இல்தான் ஜனாதிபதியை நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை மீண்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஓட்டை நோய்க்குப் பயந்து விட்டுவிடுவார்களா? கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றதன் பொருள் இதுதான்.

முன்கூட்டியே ஓட்டுப் போடும் முறை நமக்கும் அவ்வளவாகப் பிடித்ததல்ல. ஒரே நாள், ஒரே பெட்டி, ஊரார் கண்ணெதிரே எண்ணிக்கை. அதுவே நல்லது என்பது நம் எண்ணம். அதற்கு வழி? சபையில் பேசு, சட்டத்தைத் திருத்து, பெரும்பான்மை இல்லையென்றால் ஊர் ஊராகப் போய்ப் பெரும்பான்மை தேடு. நடுராத்திரியில் பட்டாளத்தை ஏவுகிறவன் எதையும் பேணுகிறவன் அல்லன். அவன் நம் கொடியைப் பிடித்திருந்தாலும் சரியே.

அன்றிரவு 190 உறுப்பினர்கள் எப்படியோ சபைக்குள் புகுந்து, விடியுமுன் ஒருமனதாக அந்த ஆணையை ரத்து செய்தார்கள். அவர்களில் 18 பேர் யூனின் சொந்தக் கட்சியினர். அவர் சர்க்காரைத் தாங்கவேண்டியவர்கள், சட்டத்தைத் தாங்கினார்கள். அந்தப் பக்கம் நின்ற கட்சித் தலைவர் ஹான் டோங்-ஹூனைத் துரோகி என்று சொந்தக் கட்சிக்காரர்களே தூற்றினார்கள். இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. கட்சிக் கூட்டத்தில் கையுயர்த்தி அவரை விரட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர், தலைவர்மேல் பற்றுள்ளவர்கள். நம்மில் எத்தனை பேர் அங்கிருந்தால் வேறு விதமாகக் கையுயர்த்தியிருப்போம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், தோழர்களே!

2025 ஏப்ரல் 4-இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஜூன் 3-இல் மறுபடி தேர்தல். ஒரு பக்கம் லீ ஜே-ம்யுங். சிறுவயதில் ஆலை வேலைக்குப் போய் இயந்திரத்தில் கை நசுங்கியவர். மறு பக்கம் பழமை பேணும் கட்சியின் கிம் மூன்-சூ. இளமையில் தொழிற்சங்கம் கட்டியவர். முன்கூட்டிப் போட்ட ஓட்டும் அன்று போட்ட ஓட்டும் ஏஜெண்டுகள் முன்னிலையில் எண்ணப்பட்டன. கிம் தோற்றார். மக்கள் தீர்ப்பை ஏற்கிறேன் என்று, பொழுது விடியுமுன்பே அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.