சுறாவைக் கட்டியவரும் நெஞ்சுப் படபடப்பும்

முத்துக்குளிக்கப் போகும் தோணியில் கல், கயிறு, சிப்பிக்கான பை எல்லாம் இருக்கும். ஆனாலும் தூத்துக்குடி, மன்னார் கடலில் ஒரு காலத்தில் இவை மட்டும் போதவில்லை. ‘கடல்கட்டி’ வந்து மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டினால்தான் ஆட்கள் நீரில் குதிப்பார்கள்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதியிருக்கிறார். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டு முத்துக்குளிப்புக்கு இதைவிட மலிவான காவல் ஏது!

19-ம் நூற்றாண்டில் இலங்கையின் அரிப்புக் கரைக்குப் போன அதிகாரி எமர்சன் டென்னன்ட் சொல்வது இன்னும் சுவாரஸ்யம். அன்று கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். “எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் அவருடைய ஆள் என்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும்” என்கிற ரீதியில் அவர் விளக்கம் சொன்னாராம்.

1890-ல் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் ஒருவரை சுறா கடித்தது. எல்லோரும் மிரண்டுபோக, மந்திரம் தெரிந்த ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். பயம் அடங்கியது. சுறா அடங்கவில்லை. மேலும் சிலர் கடிபட, நல்ல காற்றும் தெளிந்த நீரும் இருந்தும் அந்த முத்துக்குளிப்பே கைவிடப்பட்டது. எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அவர்கள் பயந்ததில் தப்பில்லை, சுறா நிஜம். ‘பேனிக் அட்டாக்’ வருகிறவருக்கோ பெரும்பாலும் வெளியே சுறா இல்லை. தன் உடம்பின் சத்தத்தையே அவர் சுறாவாக எடுத்துக்கொள்கிறார். மாடிப்படி ஏறியதில் நெஞ்சு படபடக்கிறது. ‘ஹார்ட் அட்டாக்கோ?’ என்று மனம் கேட்கிறது. உடனே அட்ரினலின் சுரந்து படபடப்பு கூடுகிறது. ‘பார்த்தாயா, நினைத்தது சரிதான்!’ மூச்சு வேகமாகிறது, தலை சுற்றுகிறது, விரல் மரத்துப்போகிறது. ஒவ்வொன்றும் அந்த எண்ணத்துக்குப் புதுச் சாட்சி. இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் தெளிவாக விளக்கினார்.

இவர்களிடமும் ஒரு கடல்கட்டி உண்டு. பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை, பஸ்ஸில் கதவோரம்தான் ஸீட், கடைக்குப் போகவும் கூட அம்மா. ஆறுதல்தான். ஆனால் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினால் ‘பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதுகிறது. பாட்டில் இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது தெரியவே வழியில்லை. அடுத்த முறை பாட்டிலை மறந்தால், அதுவே ஒரு அட்டாக்குக்குப் போதும்.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கை வைப்பது இங்கேதான். ‘இதுவரை எத்தனை முறை இப்படித் தோன்றியது? ஒவ்வொரு முறையும் என்ன ஆனது?’ என்று எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். சில சமயம் சிகிச்சை அறையிலேயே வேகமாக மூச்சுவிட வைத்து, அதே படபடப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதைக் காட்டுவார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகவே செய்யக் கூடாது. பிறகு பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு முதலில் தெருமுனை வரை, அப்புறம் பஸ் ஸ்டாண்ட் வரை.

முதல்முறை நெஞ்சுவலி வந்தால் மட்டும் எண்ணத்தை ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி எடுத்துவிட வேண்டும். இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416. 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.