பூங்கா கேட்பதும் வர்க்கக் கோரிக்கையே

கேரளத்தில் ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை. திருவனந்தபுரம் வலியசாலையின் அக்ரகாரத் தெருக்களிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த நாள்களில் எங்கே விளையாடுகிறார்கள்? வாசலைத் தாண்டினால் சாலைக் கடைவீதிக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டிகள். சற்றுத் தள்ளிக் கிள்ளியாறு; அதன் கரையில் பிள்ளைகளை நம்பி விடமுடியாது. எஞ்சியிருப்பது கைப்பேசி. ‘எந்நேரமும் அதிலேயே இருக்கிறார்கள்’ என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், அதைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் போவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

விலைவாசியும் வேலையின்மையும் அழுத்தும்போது பூங்காவைப் பற்றிப் பேசலாமா என்று சில தோழர்கள் நினைக்கலாம். 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் எதற்காகப் போராடினார்கள்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தம் விருப்பத்துக்கு என்பதே அன்றைய முழக்கம். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைத் தொழிலாளி தன் பிள்ளைகளோடு கழிக்க ஓர் இடம் வேண்டாமா? 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஆங்கிலேய ஆளுநர் நேப்பியரின் பெயரைத் தாங்கியிருந்த பூங்கா, இன்று மே தினப் பூங்கா. பொதுவெளிக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள உறவு பழையது.

விளையாட்டிலும் வர்க்கம் இருக்கிறது. வசதியுள்ளோரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே ஊஞ்சலும் சறுக்குமரமும் உண்டு. பெரிய வணிக வளாகங்களில் நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் விளையாட்டுக் கூடங்கள் உண்டு. சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் தொழிலாளி இரண்டு பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால், பேருந்துக் கட்டணம், நுழைவுச்சீட்டு, தின்பண்டம் என்று அன்றைய கூலியில் பெரும்பகுதி கரைந்துவிடும். கட்டணமில்லாத பூங்கா இருந்தால் அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கு மிஞ்சும். ஆகவே அரசு மருத்துவமனையையும் நியாயவிலைக் கடையையும் போலப் பொதுப் பூங்காவும் உழைப்பவரின் கூலியோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது.

திருவனந்தபுரம் இந்த வகையில் வறுமைப்பட்ட நகரமன்று. 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தைச் சூழ்ந்துள்ள மரநிழலில் நடக்கக் கட்டணம் இல்லை. அருகில் கனகக்குன்னு. மேற்கே சங்குமுகம் கடற்கரை. வலியசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், கிழக்குக் கோட்டையில், காந்தி பூங்காவும் புத்தரிக்கண்டம் மைதானமும் உள்ளன. புத்தரிசிக்காக நெல் விளைந்த வயல் என்பதைப் பெயரே சொல்கிறது. இன்று அது ஈ.கே. நாயனார் பூங்கா.

இவற்றில் எதுவும் தானாக மக்களுக்குத் திறந்துவிடவில்லை. பொது வழியில் நடப்பதற்கே இந்த மண்ணில் போராட வேண்டியிருந்தது. தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட பாதையில் 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிச் சென்றார். போராடிப் பெற்ற பொதுவெளி, கவனிக்காமல் விட்டால் கைநழுவும். சென்னையில் ஆளுநர் டிரவெல்யன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவைப் பாருங்கள். மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக எழும்பி, பெயர் மட்டுமே மிஞ்சியது. எல்லாமே பொது நோக்கம் என்ற பெயரில்தான் வந்தன. மைதானங்கள் வாகன நிறுத்தமாகவும் வணிகக் கண்காட்சித் திடலாகவும் மாறும்போது சொல்லப்படும் காரணமும் அதுவே.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குழந்தையின் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக அறிவிக்கும் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவை இந்தியா 1992இல் ஏற்றது. விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் தீர்ப்பு மட்டும் ஊஞ்சல் கட்டித் தராது. உள்ளூரில் கேட்க ஆள் வேண்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்குக் கிளைக் கூட்டம், சந்தா வசூல், ஊர்வலம். பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது, அப்படி ஒன்று நடந்தால், வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அவர்களோ வாரம் முழுவதும் வீட்டு வேலையும் வெளி வேலையும் சுமப்பவர்கள். பெண் விடுதலை பற்றி மேடையில் பேசும் தோழர், மாதத்தில் இரண்டு மாலையேனும் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகட்டும். 1938இல் கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில் தேசிய பாலசங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் நாயனார்தான். குழந்தைகளின் உலகத்தைச் சின்ன விஷயம் என்று அன்றைய தோழர்கள் ஒதுக்கவில்லை.

பூங்காவுக்குப் போனால் கண்ணில் படுவது நிறைய இருக்கும். உடைந்த சறுக்குமரம், எரியாத விளக்கு, பூட்டிய கழிப்பறை, சக்கர நாற்காலி நுழைய முடியாத வாயில், தொழிலாளி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு முன்பே சாத்தப்படும் கதவு. ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரப் பூங்காவை நேரில் பார்த்து இவற்றைப் பட்டியலிட்டு, வார்டு சபையில் வைத்து, மாநகராட்சியிடம் பதில் கேட்கட்டும். நுழைவுக் கட்டணம் கூடாது, இரவு எட்டு மணி வரையேனும் திறந்திருக்க வேண்டும், அங்கே பணிபுரியும் காவலருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் முறையான ஊதியம் வேண்டும் என்பவை நம் கோரிக்கைகளாகட்டும்.

முதல் வேலையாக, வரும் ஞாயிறு மாலை, கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கோட்டை வரை நடப்போம். பட்டியலை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.