எல்லாவற்றுக்கும் போல்ட் வேண்டுமா?

சென்ற ஆண்டு என் மனைவிக்கு இடுப்பில் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்னால் நழுவியிருந்தது. நூறு அடி நடந்தால் கால் மரத்துவிடும். நரம்பை அழுத்தும் எலும்பைச் செதுக்கினால் போதும் என்றார் ஒரு டாக்டர். அதோடு ஸ்க்ரூ, கம்பி வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

தண்டவாளத்தோடு காலம் கழித்த நான் இரண்டாமவர் பக்கம். தளர்ந்ததை முடுக்குவதுதானே நம் தொழில்!

ஆனால் 267 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட நார்வே ஆய்வு 2021-இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம். 66 பேரை வைத்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ இணைப்புக்குச் சற்று ஆதரவு. ஆகவே எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு இல்லை. இளவயதில் எலும்பு விரிசல் விட்டு நழுவுவதும் வேறு கதை.

குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு மேலும் அசையவில்லை. செதுக்கியதோடு விட்டோம். இன்று சப்ஜி மண்டிக்கு நடந்தே போகிறாள்.

அன்பர்களே, கையெழுத்துப் போடுமுன் "எலும்பு அசைகிறதா? எனக்கு ஏன் ஸ்க்ரூ?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.